ரேணிகுண்டாவில் இறக்கப்பட்டவர்கள்

2016 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்குப் போகும் கருடாத்ரி எக்ஸ்பிரஸ் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வந்தபோது, அதிலிருந்த தமிழ்நாட்டுப் பயணிகள் 32 பேரை ஆந்திர போலீசார் இறக்கிக் கைது செய்தார்கள். செம்மரம் வெட்டப் போகிறவர்கள் என்பது குற்றச்சாட்டு. திருமலைக்குச் சாமி கும்பிடப் போனவர்கள் என்றார்கள் குடும்பத்தார். அன்றைய தமிழக முதல்வர் ஜெயலலிதா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். சட்ட உதவிக்கு வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தார். செய்தி சில நாள் ஓடியது, பிறகு அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கக் கூடாது. அந்த 32 பேரில் எத்தனை பேர் கோயிலுக்குப் போனார்கள், எத்தனை பேர் காட்டுக்குப் போனார்கள் என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அவர்கள் பிடிபட்டது காட்டில் அல்ல, ரயில் பெட்டியில். வெட்டிய மரத்தோடு அல்ல, பயணப் பையோடு. பேசும் மொழி, சொந்த மாவட்டம், உடுத்தியிருக்கும் கைலி, கூட்டமாக வந்தது ஆகியவற்றை வைத்து ஒருவரை ரயிலிலிருந்து இறக்குவது அநீதி. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த அநீதியை இரண்டு மாநில அரசுகளும் கண்டும் காணாமலும் இருந்து வளர்த்திருக்கின்றன.

ரேணிகுண்டா எப்படிப்பட்ட ஸ்டேஷன் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து குந்தக்கல் வழியாக மும்பைக்குப் போகும் பாதையும், கூடூரிலிருந்து வரும் பாதையும், திருப்பதிக்குப் பிரியும் பாதையும் அங்கே சந்திக்கின்றன. காட்பாடியில் ஏறுகிறவர்கள் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வருகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்கும் அதே வழிதான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டின் ஏழைகள் மொட்டை போடவும், பிள்ளைக்குக் காது குத்தவும், வேண்டுதலை முடிக்கவும் வந்து போகிற தடம் இது. அவர்கள் குடும்பமாகவும் வருவார்கள். ஊரிலிருந்து இருபது முப்பது ஆண்கள் கூட்டமாகவும் வருவார்கள். முன்பதிவு செய்யமாட்டார்கள். பொதுப் பெட்டியில் கதவோரம் குந்தியிருப்பார்கள். பையில் ஒரு மாற்றுத் துணியும் கட்டுச்சோறும் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவரும் இதே கோலத்தில்தான் போவார். பக்தர் என்றும் கூலிக்காரர் என்றும் கடத்தல்காரர் என்றும் முகத்தைப் பார்த்துப் பிரித்துவிட முடியும் என்று நினைக்கிற போலீஸ்காரர் தன் வேலையைச் செய்யவில்லை, யூகத்தைத்தான் செய்கிறார்.

சித்தூர் மாவட்டத்துக்குத் தமிழ் புதிதும் அல்ல. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்துத்தான் அந்த மாவட்டமே உருவானது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சித்தூர், நகரி, புத்தூர் அந்தப் பக்கம் நின்றன. இன்றும் அங்கே கடைத்தெருவில் இரண்டு மொழியும் ஒரே வாயிலிருந்து வரும். 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. மாவட்டக் கோடுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஜனங்கள் பெண் கொடுத்து, பெண் எடுத்து, வியாபாரம் செய்து கலந்தே வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரின் ரயிலடியில் தமிழ் பேசுவதே சந்தேகத்துக்குக் காரணமாகிப் போனது அந்த மண்ணின் குணத்துக்கே விரோதம்.

எப்படி இந்த நிலை வந்தது? சேஷாசலம் மலைக்காட்டில் வளரும் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்னூல் பகுதிகளை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிதான் அதன் வீடு. மிக மெதுவாக வைரம் பாயும் மரம். சீனாவிலும் ஜப்பானிலும் மரச்சாமானுக்கும் இசைக்கருவிக்கும் அதற்குப் பெரிய விலை. 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. காட்டைக் காவல் காக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். 2013 டிசம்பரில் வனத்துறையைச் சேர்ந்த இருவர் அங்கே கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். கடமையில் செத்த அந்த இரண்டு பேருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நீதி கிடைத்திருக்க வேண்டும்.

கிடைக்கவில்லை. அந்தக் கொலைக்காக நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தபின், 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இரண்டு பேர் செய்த காரியத்துக்கோ இருபது பேர் செய்த காரியத்துக்கோ இருநூறு பேரை வளைத்துப் பிடித்ததால் உண்மைக் குற்றவாளி யார் என்பதே மறைந்துபோனது. கொல்லப்பட்ட வன ஊழியர்களுக்கும் இந்த வழிமுறை துரோகம் செய்திருக்கிறது. செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைத்த அதிரடிப்படையின் அதிகாரிகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு வந்தது 2015 ஏப்ரல் 7. சந்திரகிரி அருகே சேஷாசலக் காட்டில் இரண்டு இடங்களில் தமிழர்கள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர், தருமபுரியிலிருந்து ஏழு பேர், சேலத்திலிருந்து ஒருவர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கோடரியோடும் கல்லோடும் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். ஆனால் செத்தவர்களோடு முந்தைய நாள் பயணம் செய்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வேறொன்றைச் சொன்னார்கள். பேருந்திலிருந்து போலீஸ் இறக்கிக்கொண்டு போனவர்கள்தான் மறுநாள் காட்டில் பிணமாகக் கிடந்தார்கள் என்பது அவர்கள் சாட்சியம். அவர்களில் ஒருவர் தப்பியது எப்படி என்பதைக் கேட்டால் நெஞ்சு பதறும். பேருந்தில் அவர் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கணவன் மனைவி என்று நினைத்துப் போலீஸ் விட்டுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்ததால் ஒருவர் உயிரோடு வீடு திரும்பினார். கூட வந்தவர்கள் திரும்பவில்லை. இதுதான் அந்தச் சோதனையின் தரம்.

ஆணையம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரவும், சிபிஐ விசாரணைக்கும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. தன் போலீசின் மீது தானே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவே போதும் என்றது. குற்றம் சாட்டப்பட்ட துறையே தன்னை விசாரித்துக்கொள்வதை எந்த நியாயவானும் விசாரணை என்று ஒத்துக்கொள்ள மாட்டான். என்கவுன்ட்டர் மரணம் ஒவ்வொன்றையும் சம்பந்தப்படாத ஸ்டேஷனோ சிஐடியோதான் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பியூசிஎல்) வழக்கில் சொல்லிவிட்டது. சேஷாசலத்தில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஆறரை மாதம் கழித்து. தெரியாமல் செய்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

சாவு அத்தோடு நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்டக் கருமந்துறைப் பக்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரின் உடல்கள் மிதந்தன. நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது போலீஸ். மலைக் கிராமத்துக்கு ஐந்து பாடைகள் போய்ச் சேர்ந்தன.

காட்டில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம். ரயில் நிலையம் அப்படி இல்லை. அங்கே விளக்கு இருக்கிறது, கேமரா இருக்கிறது, ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார், டீ விற்கிறவர் இருக்கிறார், நூறு பயணிகள் இருக்கிறார்கள். சட்டப்படி ஒரு கைது செய்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கேயும் சட்டம் மீறப்பட்டால் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

சட்டம் கேட்பது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. கைது செய்கிறவர் தன் பெயரும் பதவியும் தெரிகிற பட்டையை அணிந்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் மூன்று விதமான காக்கி நடமாடுகிறது: மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை, மாநிலத்தின் ரயில்வே போலீஸ், உள்ளூர் போலீஸும் அதிரடிப்படையும். கையைப் பிடித்து இழுக்கிறவர் யாருடைய ஆள் என்பதே திருவண்ணாமலைப் பக்கத்து ஜவ்வாதுமலைக்காரருக்குத் தெரியாது. நாளைக்கு அவருடைய மனைவி யாரைப் போய்க் கேட்பார்? அடுத்தது கைதுக் குறிப்பு. நாள், நேரம் எழுதி, குடும்பத்தாரோ அந்த வட்டாரத்து மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, பிடிபட்டவரும் கையெழுத்திட வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றவை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பில் விதித்தவை. பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஏறின. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன.

இதில் மொழி ஒரு பெரிய கண்ணி. சித்தூரிலும் திருப்பதியிலும் போலீஸ் ஆவணம் தெலுங்கில் எழுதப்படும். தமிழே எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தெலுங்குத் தாளில் கைநாட்டு வைத்தால், அவர் எதை ஒத்துக்கொண்டார் என்று யாருக்குத் தெரியும்? கோடரியோடு பிடிபட்டேன் என்று அதில் எழுதியிருந்தாலும் அவர் தலையாட்டிக்கொண்டுதான் கையை நீட்டுவார். கைதுக்கான காரணத்தை எழுத்தில், பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எந்தக் குற்றமாக இருந்தாலும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு ரேணிகுண்டாவுக்கும் பாகாலாவுக்கும் சித்தூருக்கும் அப்படியே பொருந்துகிறது. தமிழில் ஒரு படிவம் அடித்து வைப்பதற்கு ஆந்திர போலீசுக்கு என்ன கஷ்டம்? தமிழ் தெரிந்த எழுத்தருக்கா சித்தூர் மாவட்டத்தில் பஞ்சம்?

குற்றம் நடக்கும் முன்பே தடுக்க வேண்டாமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவர் குற்றம் செய்யத் திட்டமிட்டிருக்கிறார் என்று அறிந்தால், வேறு வழியில்லாதபோது முன்னெச்சரிக்கையாகப் பிடிக்கலாம். ஆனால் அந்தக் காவல் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அறிந்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். காய்ப்பேறிய உள்ளங்கை ஆதாரம் ஆகாது. உழவனுக்கும் கல்லுடைக்கிறவனுக்கும் சுமை தூக்குகிறவனுக்கும் கை அப்படித்தான் இருக்கும். எங்கே இறங்குகிறாய், யார் கூட்டி வந்தது, யார் முன்பணம் கொடுத்தது என்று உட்கார வைத்து, தமிழில், அடிக்காமல் கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும். அந்த உண்மை மேஸ்திரியிடம் கொண்டுபோய் விடும். மேஸ்திரி புரோக்கரிடம், புரோக்கர் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றுகிறவரிடம். ஆனால் கூலிக்காரரைச் சுட்டுவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மேலே இருக்கிற முதலாளிக்கு அதைவிட நிம்மதி வேறென்ன இருக்கிறது?

இனி நம் பக்கம் திரும்பிப் பேச வேண்டும். ஆந்திர போலீசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தமிழ்நாடு கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

சேஷாசலத்தில் செத்தவர்களில் தருமபுரிக்காரர்கள் சித்தேரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்த மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுகிறோம் என்று தமிழ்நாட்டின் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்து சூறையாடி, 18 பெண்களைச் சீரழித்த அதே வாச்சாத்தி. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். சந்தன மரத்தின் பெயரால் நம் அரசு அடித்த மலைக்காரனின் பிள்ளையைத்தான் செம்மரத்தின் பெயரால் பக்கத்து மாநில அரசு சுட்டிருக்கிறது. இரண்டு முறையும் மரத்துக்குச் சொந்தக்காரர் சர்க்கார், லாபத்துக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ, உயிர் மட்டும் மலைவாசியுடையது.

அந்த மலைகளில் சாமையும் புளியும் தேனும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாது. கேரளத்துக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அங்கே ஒரு மாதத்தில் கிடைப்பதைச் சில நாளில் தருகிறேன் என்று ஊருக்குள் வந்து ஒரு புரோக்கர் முன்பணத்தை நீட்டினால், கல்யாணக் கடனோ ஆஸ்பத்திரிச் செலவோ தலைக்கு மேல் இருக்கிற இளைஞன் கையை நீட்டிவிடுகிறான். வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்தது. நீதிமன்றத் தடை ஒன்றைக் காட்டித் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டாவே வழங்கவில்லை. சொந்தக் காட்டில் உரிமை தராமல் பத்து வருஷம் இழுத்தடித்துவிட்டு, அடுத்தவன் காட்டுக்கு ஏன் போனாய் என்று கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊர் ஊராக வந்து ஆள் பிடிக்கும் புரோக்கர்களை நம் போலீசுக்குத் தெரியாது என்று சொன்னால் அதை நம்ப ஜவ்வாதுமலையில் ஒரு குழந்தைகூட இருக்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து வடமாநிலத்தவரைச் சென்னைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர்கள் என்றார்கள். நம்மில் பலர் கைதட்டினோம். அதன்பின் வடக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களெல்லாம் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுக்கச் சொன்னோம். இன்றும் சென்ட்ரலில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இறங்குகிற இளைஞர் கூட்டத்தை நம் போலீஸ் எந்தக் கண்ணால் பார்க்கிறது, நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்? ரேணிகுண்டாவில் தமிழனுக்கு நேர்ந்தது அநியாயம் என்றால் சென்ட்ரலில் பீகாரிக்கு நேர்வதும் அநியாயம்தான். நம் ஆள் என்பதற்காக மட்டும் எழும் கோபத்துக்கு நீதி என்று பெயர் கிடையாது.

இரண்டு அரசுகளும் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. ரேணிகுண்டா, திருப்பதி, சித்தூர், பாகாலா, காட்பாடி நிலையங்களில் அதிரடிப்படை யாரையாவது இறக்கினால், அங்கேயே ரயில்வே போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதன் நகல் அன்றே தமிழ்நாட்டு மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். பதிவேட்டில் ஏறாமல் ஒருவரும் பிளாட்பாரத்தைத் தாண்டக் கூடாது. கேமராப் பதிவை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும். காவல் நிலையங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் கட்டளையிட்டது இதுதான், ரயில் நிலையத்துக்கு மட்டும் ஏன் விலக்கு? திருப்பதி, சித்தூர் நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த சட்ட உதவி வழக்கறிஞர்களை நிரந்தரமாக அமர்த்தத் தமிழ்நாடு அரசு பணம் ஒதுக்கட்டும். முதல்வர்கள் கடிதம் எழுதும் வரை காத்திருக்கிற அளவுக்கு மலைக்காரனிடம் நாள் இல்லை.

குற்றம் நிரூபிக்கப்படாமல் சிறையில் ஆண்டுகளைத் தொலைத்தவர்களுக்கு ஆந்திர அரசு நஷ்டஈடு தர வேண்டும். இருபது பேர் கொலை வழக்கை சிபிஐயிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு 2024 முதல் மறுபடியும் அதே நாற்காலியில் இருக்கிறார். தன் ஆட்சியில் நடந்ததைத் தன் ஆட்சியிலேயே சரிசெய்யும் வாய்ப்பு எல்லா அரசியல்வாதிக்கும் கிடைப்பதில்லை, அவருக்குக் கிடைத்திருக்கிறது. அவர் அதைச் செய்ய வேண்டும். செய்யும்படி தமிழ்நாட்டு முதல்வர் கேட்க வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று இருபது பேரைச் சுட்டதற்காக இதுவரை ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை.